பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: பணிச்சுமையில் நேரும் தவறுக்கு யார் பதில் சொல்வது?

2024 ஜூன் 17 காலை, மேற்கு வங்கத்தில் ரங்கபாணிக்கும் சத்தர்ஹாட்டுக்கும் இடையே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் ஒரு சரக்கு ரயில் மோதியது. 10 பேர் இறந்தார்கள். சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் அவர்களில் ஒருவர். அவர் சிக்னலை மதிக்காமல் ஓட்டியதே காரணமாகத் தெரிகிறது என்று ரயில்வே வாரியத் தலைவர் அன்றைக்கே செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். இறந்தவரிடமிருந்து மறுப்பு வரப்போவதில்லை. ஆனால் அந்தப் பகுதியின் ஆட்டோமேட்டிக் சிக்னல்கள் அதிகாலை 5.50 மணியிலிருந்தே பழுதாகிக் கிடந்தன. சிவப்பைத் தாண்டிச் செல்லலாம் என்ற டி.ஏ.912 அனுமதிப் படிவம் அந்த ஓட்டுநரின் கையில் இருந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வந்த ரயில்வே பாதுகாப்புத் தலைமை ஆணையரின் அறிக்கை வேறு கதை சொன்னது. கொடுக்கப்பட்ட படிவமே பொருத்தமானதல்ல. எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது அதில் எழுதப்படவில்லை. இத்தகைய நேரத்தில் ரயிலை எப்படி நடத்துவது என்று ஓட்டுநர்களுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும் போதிய பயிற்சி தரப்படவில்லை. எப்போது வேண்டுமானாலும் நடக்கக் காத்திருந்த விபத்து இது என்று அறிக்கை மதிப்பிட்டது.

பழி சில மணி நேரத்தில் வந்துவிட, விளக்கம் வர ஒரு மாதம் பிடித்தது. இந்த இடைவெளியில்தான் ஒரு தொழிலாளியின் பெயர் கெடுகிறது. உயிரோடிருந்தால் வேலையும் போகிறது. சக்திக்கு மீறிய வேலையின் நடுவே தவறிழைத்து அதற்கான பழியைச் சந்திப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்வதே வழக்கம். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பார், அல்லது வேலை அதிகம் என்று பொதுவாகச் சொல்லித் தன் பங்கை மறுப்பார். இரண்டுமே அவரைக் காப்பதில்லை, அடுத்த தவறையும் தடுப்பதில்லை. ‘நான் என்ன செய்தேன்’, ‘அந்த வேலை எனக்கு எப்படித் தரப்பட்டிருந்தது’ என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்து, இரண்டுக்குமான விடைகளை ஒரே கோப்பில் ஏற்றுவதுதான் பயன் தரும் வழி. முதல் விடையில் ஒளிவு கூடாது, இரண்டாவதில் கூச்சம் கூடாது. ரங்கபாணி ஓட்டுநர் களைத்திருந்தாரா என்பதை இந்த வாதம் நம்பியிருக்கவில்லை. பழி எவ்வளவு வேகமாகக் கடைசிக் கையைத் தேடிப் போகிறது என்பதற்கே அந்த உதாரணம். பணிச்சுமையின் பங்கை மிகத் துல்லியமாகக் கணக்கெடுத்த விசாரணை வேறொரு நாட்டில், அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

1988 டிசம்பர் 12 காலை, லண்டன் கிளாப்பம் ஜங்ஷன் அருகே மூன்று ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 500 பேர் காயமடைந்தார்கள். முன்னே ரயில் நின்றிருந்தபோது சிவப்பு காட்டியிருக்க வேண்டிய ஒரு சிக்னல் அப்படிக் காட்டவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் புது வயரிங் செய்த டெக்னீஷியன், பழைய கம்பியின் ஒரு முனையை வெட்டி எடுக்காமலும் காப்பிடாமலும் ஒதுக்கி வளைத்துவிட்டிருந்தார். விபத்துக்கு முந்தைய நாள் அருகில் நடந்த வேறொரு வேலையில் அது அசைந்து பழைய இடத்தைத் தொட்டுக்கொண்டது. கடைசிக் கை யாருடையது என்பதில் எந்த ஐயமும் இல்லை, அவரே ஒப்புக்கொண்டார். விசாரணைக்குத் தலைமை வகித்த ஆன்டனி ஹிடன் அங்கே நிறுத்தியிருந்தால் அறிக்கை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். அவர் பணிப் பதிவேட்டைப் புரட்டினார். அந்த டெக்னீஷியன் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்திருக்கிறார். கம்பியைக் கையாளும் அவருடைய தவறான பழக்கம் பல ஆண்டுகளாகத் தொடர்ந்தும் யாரும் திருத்தவில்லை. வேலையைச் சரிபார்க்க வேண்டிய மேற்பார்வையாளர் அன்று தானே வயரிங் செய்துகொண்டிருந்தார். கம்பிகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டிய சோதனையையும் எவரும் செய்யவில்லை. ஒரு மனிதரின் கவனப்பிசகைத் தடுத்திருக்க வேண்டிய ஒவ்வொரு அடுக்கிலும் ஓட்டை இருந்தது. 1989இல் வந்த அறிக்கைக்குப் பிறகு, பாதுகாப்பு சார்ந்த ரயில்வே வேலைகளில் ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரத்துக்கும், ஒரு வாரம் 72 மணி நேரத்துக்கும் மேல் போகக் கூடாது என்ற வரம்புகள் பிறந்தன. பிரிட்டிஷ் ரெயில் நிறுவனத்துக்கு 1991இல் 2,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அந்த டெக்னீஷியன் மேல் குற்ற வழக்கு தொடரப்படவில்லை.

கிளாப்பம் அறிக்கையின் வலிமை அது காட்டிய இரக்கத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ‘களைப்பு’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் எந்த நிர்வாகமும் அசைந்திருக்காது. 13 வாரம், ஒரு நாள் என்று எழுதப்பட்டபோது தப்பிக்க இடமில்லாமல் போனது. களைப்பு மனநிலை சார்ந்த புகார் என்று நினைப்பவர்களுக்கு அறிவியலும் எண்ணாலேயே பதில் சொல்கிறது. 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று டாசன், ரீட் ஆகிய இருவரின் ஆய்வு 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. இந்தியாவில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 விழுக்காடுதான். நம் ரயில்வே லாபியில் ‘சைன் ஆன்’ செய்யும் ஒவ்வொரு லோகோ பைலட்டும் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊத வேண்டும். மதுவுக்குக் கருவி இருக்கிறது. அதே விளைவைத் தரும் தூக்கமின்மைக்கு எதுவும் இல்லை. மதுவை ஓட்டுநர் குடிக்கிறார், தூக்கமின்மையை நிர்வாகம் ஊட்டுகிறது என்பதால்தான் இந்த வேறுபாடோ என்று சந்தேகிக்கத் தோன்றுகிறது. மருத்துவத்திலும் இதே நிலைதான். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களின் நீண்ட ஷிஃப்டுகளைக் குறைத்துப் பார்த்தார்கள். பழைய அட்டவணையில் வேலை செய்தவர்கள் 35.9 விழுக்காடு கூடுதலாகக் கடுமையான தவறுகள் செய்தது தெரிந்தது. 2004இல் லாண்ட்ரிகன் குழு வெளியிட்ட முடிவு இது. மருத்துவர்களின் திறமை மாறவில்லை. மாறியது அட்டவணை மட்டும்தான்.

இங்கே எழும் முதல் எதிர்வாதம் எல்லா அலுவலகங்களிலும் கேட்பதுதான்: ‘இதே சுமையில் மற்றவர்கள் சரியாகத்தானே செய்கிறார்கள்?’ ரங்கபாணி அறிக்கை இதற்குத் தந்த பதில் பலர் கண்ணில் படாமல் போய்விட்டது. சிக்னல் பழுதான நேரம் முதல் விபத்து வரை அந்தப் பகுதிக்குள் நுழைந்தவை ஏழு ரயில்கள். ஒவ்வொரு பழுதான சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் செல்லும் நெறியைப் பின்பற்றியது காஞ்சன்ஜங்கா மட்டும்தான். மற்ற ஆறும் பின்பற்றவில்லை. சரக்கு ரயிலின் ஓட்டுநர் செய்த அதையே வேறு ஐந்து ஓட்டுநர்களும் செய்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்ற ரயில் எதுவும் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அவர்கள் மாலையில் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆகவே ‘மற்றவர்கள் சரியாகச் செய்கிறார்கள்’ என்ற கூற்றுக்குப் பெரும்பாலும் ‘மற்றவர்களின் தவறு இன்னும் பிடிபடவில்லை’ என்பதே பொருள். விளைவைத் தெரிந்துகொண்ட பின் அதை முன்பே ஊகித்திருக்கலாம் என்று நம் மனம் நம்புவதை பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் ஒரு சோதனையால் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட கதை நமக்குப் பக்கத்து ஊர்க்கதை: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவைச் சொல்லிவிட்டு, சொல்லப்படாவிட்டால் எதை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று கேட்டார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவுதான் நடந்திருக்கக் கூடியது என்று மக்கள் கருதினார்கள். விசாரணை அதிகாரிகளும் இந்த மனிதர்களில் அடக்கம்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. ‘அமைப்பின் மேல் பழி போட்டால் ஒழுங்கு எங்கே நிற்கும்? அமைப்பு என்பது யாருமில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?’ இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ரஷ்யக் குழந்தைகள். அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு அறையில் அப்போது பணியில் இருந்தது ஒரே ஒருவர். சக கட்டுப்பாட்டாளர் ஓய்வறைக்குப் போயிருந்தார். இரவில் இப்படி ஒருவரே பார்ப்பது விதிக்குப் புறம்பானது என்றாலும் நிர்வாகம் கண்டுகொள்ளாத நடைமுறை. பராமரிப்புக்காகத் தொலைபேசித் தடத்தையும் நிறுத்தியிருந்தார்கள். அவர் இரண்டு திரைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். 2004இல், மனைவியையும் பிள்ளைகளையும் அந்த விபத்தில் இழந்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். பழி கடைசிக் கையோடு நின்றுவிட்டால் துக்கமும் அந்தக் கையைத்தான் தேடிப் போகும். ஆனால் 2007இல் சுவிஸ் நீதிமன்றம் வேறு விதமாகக் கணக்குத் தீர்த்தது. கட்டுப்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, அவர்களில் மூன்று மேலாளர்களுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. அமைப்புக்கும் முகவரி உண்டு, அதில் கையெழுத்திட்டவர்களுக்குப் பெயரும் உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது. பணிச்சுமையைக் கணக்கில் எடுப்பதால் பொறுப்பு கரைந்துபோவதில்லை, அட்டவணையை வகுத்தவர் வரை நீள்கிறது.

ஒழுங்கைப் பற்றிய கவலைக்கு நம் உச்ச நீதிமன்றமே ஓரளவு வழி சொல்லியிருக்கிறது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் வந்த தீர்ப்பு, மருத்துவரின் முடிவில் நேரும் பிசகு வேறு, குற்றமாகும் கவனக்குறைவு வேறு என்று பிரித்தது. குற்றவியல் பொறுப்புக்கு மிக மோசமான அளவுக் கவனக்குறைவு வேண்டும் என்றது. குடித்துவிட்டு வண்டி எடுத்தவரும், 13 வாரம் ஓய்வில்லாமல் உழைத்துக் கம்பியை விட்டுவிட்டவரும் ஒரே தட்டில் நிற்க மாட்டார்கள். முன்னவருக்குத் தண்டனை ஒழுங்கைக் காக்கும். பின்னவரைத் தண்டித்தால் நேர்வது என்ன என்பதை வான்போக்குவரத்து விலைகொடுத்துக் கற்றது. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்று வாஷிங்டனுக்கு வெளியே மலைமேல் மோதி அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே குழப்பத்தில் அதே மலையை மயிரிழையில் தவிர்த்துத் தங்கள் நிறுவனத்துக்குச் சொல்லியிருந்தார்கள். செய்தி அந்த நிறுவனத்தைத் தாண்டவில்லை. அதன் பின் 1976இல் அமெரிக்கா ஒரு அறிக்கை முறையைத் தொடங்கி, அதை நடத்தும் பொறுப்பை நாசாவிடம் ஒப்படைத்தது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத அமைப்பிடம்தான் மனிதர்கள் உண்மை சொல்வார்கள் என்பதே அதன் தர்க்கம். வேண்டுமென்று செய்யாத தவறை 10 நாட்களுக்குள் தெரிவித்தால் அபராதமோ உரிம நிறுத்தமோ கிடையாது. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. ஒழுங்கும் உண்மையும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சாட்சி அது.

உண்மை சொல்ல வேண்டியவர்கள் தண்டனைக்கு அஞ்சினால் என்ன ஆகும் என்பதையும் பிரிட்டன் காட்டிவிட்டது. 2011 பிப்ரவரியில் லெஸ்டர் மருத்துவமனையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பொறுப்பிலிருந்த மருத்துவர் ஹதீஸா பாவா-கார்பா மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியிருந்தார். வராத மருத்துவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். கணினி பழுதாகி ரத்தப் பரிசோதனை முடிவுகள் தாமதமாயின. மூத்த மருத்துவர் வெளியூரில் இருந்தார். பாவா-கார்பா தவறு செய்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை. 2015இல் அவர் தண்டிக்கப்பட்டார், 2018 ஜனவரியில் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார், அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. இந்த ஏழாண்டுகளில் அந்நாட்டு இளம் மருத்துவர்களிடையே பரவிய அச்சம் முக்கியமானது. பயிற்சிக்காகத் தங்கள் தவறுகளை எழுதிவைக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அந்த எழுத்தே நாளை தங்களுக்கு எதிராகத் திரும்பும் என்று அஞ்சி உண்மையை எழுதத் தயங்கினார்கள். ஒரு மருத்துவருக்குத் தந்த தண்டனை ஆயிரம் மருத்துவர்களின் பேனாவை மூடியது. அந்தச் சிறுவனின் பெற்றோரின் துயரம் நியாயமானது, அதற்கு இணையான பதில் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த குழந்தையைக் காக்கக் கூடிய தகவல் வராமல் போனதும் ஒரு இழப்பே.

இனி பழியைச் சுமப்பவரின் பக்கம் வருவோம். ‘களைப்பென்றால் மறுத்திருக்கலாமே, ஓவர்டைம் ஆசையில்தானே செய்தாய்’ என்ற மூன்றாவது எதிர்வாதம் அவரைத்தான் குறிவைக்கிறது. கிளாப்பமிலும் ஓவர்டைம் விருப்பத்தின் பேரில்தான் நடந்தது. அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கும் இடத்தில் அந்த ‘விருப்பம்’ வீட்டு வாடகையின் இன்னொரு பெயர். நம்மூரிலோ மறுப்பதே குற்றமாகிவிடுகிறது. 2024 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகளில் ஒரு பகுதியினர் தொடர்ந்து 46 மணி நேர வார ஓய்வை எடுக்கத் தொடங்கினார்கள். கணக்கு எளிது: பணி முடிந்து தலைமையிடம் திரும்பினால் 16 மணி நேரம் ஓய்வு, வார ஓய்வு 30 மணி நேரம், இரண்டும் வெவ்வேறு ஓய்வுகள், கூட்டினால் 46. நிர்வாகமோ அந்த 16-ஐ 30-க்குள்ளேயே அடக்கிவிடுகிறது. ஓய்வு எடுத்தவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அந்த மாதத்திலேயே உதவி லோகோ பைலட் காலியிடங்களின் எண்ணிக்கை 5,696-இலிருந்து 18,799 ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. கூடுதலான அந்த 13,103 இடங்களின் வேலையும் அதுவரை யாரோ ஒருவரின் தோளில்தான் ஏறியிருக்கும்.

ஆகவே தனியாள் செய்யக் கூடியது எழுதிவைப்பது. ரயில்வேயில் பெருந்தண்டனைக்கான எஸ்.எஃப்.5 குற்றச்சாட்டுப் படிவம் கைக்கு வந்தால் பதில் எழுதப் பத்து நாள் அவகாசம் உண்டு. ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கவும், சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் விதி அனுமதிக்கிறது. பெரும்பாலான பதில்கள் குணச்சான்றாகவோ கெஞ்சலாகவோ போய்விடுகின்றன. ‘நான் களைத்திருந்தேன்’ என்பது புகார். ‘தொடர்ந்து நான்காவது இரவுப்பணி, இத்தனையாவது மணி நேரம், அந்த நேரத்தில் கூடுதலாக இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது, அதனால் இந்தச் சரிபார்ப்பு விட்டுப்போனது’ என்பது சாட்சியம். காரணத்துக்கும் தவறுக்கும் நடுவே உள்ள கண்ணியைக் காட்டாத பணிச்சுமை விசாரணையில் சாக்காகவே கேட்கும். செய்த தவறைத் துல்லியமாக ஒப்புக்கொள்வது பலவீனம் போலத் தெரிந்தாலும், எதிரே இருப்பவர் இரண்டாவது பாதியை நம்ப அதுவே காரணமாகிறது. கிளாப்பம் டெக்னீஷியன் தன் பிழையை மறைத்திருந்தால் ஹிடன் பதிவேட்டைத் திறக்க வேண்டியிருந்திருக்காது. விசாரணை முழுக்க அந்த மறைப்பைச் சுற்றியே போயிருக்கும். இதில் உளநலமும் இருக்கிறது. தவறிழைத்த மருத்துவரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று ஆல்பர்ட் வூ 2000இல் பெயரிட்டபோது சுட்டியது இதைத்தான்: முழுப் பழியும் தனக்கே என்று நம்புபவர் தூக்கத்தையும் தன்னம்பிக்கையையும் இழக்கிறார், அடுத்த தவறுக்கு இன்னும் அருகில் போகிறார்.

தவறு நடந்த பின் எழுதும் பணிச்சுமைக் கணக்கைவிட நடப்பதற்கு முன் எழுதியது பல மடங்கு எடை பெறும். ஆள் போதவில்லை, இந்த வேலையும் சேர்ந்தால் அந்தச் சரிபார்ப்பு விட்டுப்போகும் என்று இரண்டு வரி மின்னஞ்சல், தேதியோடு. இதைத் தனியாக எழுதுபவர் கலகக்காரர் என்று பெயரெடுப்பார் என்பதும் உண்மைதான். அந்த ஆபத்தை மறைத்து அறிவுரை சொல்வது நேர்மையாகாது. அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது. 46 மணி நேரக் கணக்கை ஒருவர் கேட்டிருந்தால் இடமாற்றம் வந்திருக்கும்; பலர் சேர்ந்து கேட்டதால் நாடு முழுக்கச் செய்தியானது. சங்கமே இல்லாத மென்பொருள் அலுவலகங்களிலும், தனியார் மருத்துவமனைகளின் செவிலியர் அறைகளிலும் இந்த வழி மிகக் குறுகலானது. அங்கே சட்டம் முன்வந்தாக வேண்டும்.

அந்தச் சட்டம் பெரிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. பணியிடத் தவறு பற்றிய எந்த விசாரணை அறிக்கையிலும், சம்பந்தப்பட்டவரின் முந்தைய 30 நாள் பணிநேரப் பட்டியலும், அந்தப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையும் உண்மையில் இருந்த ஆள் எண்ணிக்கையும், அட்டவணைக்கு ஒப்புதல் தந்தவரின் பெயரும் கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். இவை எல்லாமே அலுவலகக் கணினியில் ஏற்கெனவே இருப்பவை. மூச்சுப் பரிசோதனை முடிவை இணைக்கும் கைக்கு இன்னொரு தாளை இணைப்பது சிரமமில்லை. தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.